தாத்தாவின் பேனாக்கத்தியைப் பாலிஷ் போடலாமா?

கேட்டவர் சென்னைக்காரர். கிராமத்தில் கர்ணமாக இருந்த தாத்தாவின் மரப்பெட்டியில் ஒரு மடக்குக்கத்தி கிடைத்திருக்கிறது. மஞ்சளேறிய வெள்ளைக் கைப்பிடி, இரண்டு முனையிலும் ஒவ்வோர் அலகு, சின்ன அலகின் நுனி ஒடிந்திருக்கிறது. பெரிய அலகின் அடியில் 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்ட், இங்கிலாந்து' என்ற முத்திரை; ஒரு கிரீடம், அதன் இரு பக்கமும் ஜி, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். அவர் கேட்பது மூன்று. பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா? இதையே தொடக்கமாக வைத்துச் சேகரிக்க ஆரம்பித்தால் பழைய கத்திகளைத் தேடுவதா, கைவினைஞரிடம் சொல்லிச் செய்து வாங்குவதா? சட்டத் தொந்தரவு ஏதும் வருமா?

கத்திக்குப் பேர்போன அந்த ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். இந்தப் பைத்தியம் எனக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பாலிஷ் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். அங்கே நாலு பவுண்டுக்கு ஒரு கத்தி வாங்கினேன். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கம்பெனியின் 'ஐ எக்ஸ் எல்' முத்திரை போட்டது. அலகு முழுக்க சாம்பலும் நீலமுமாக ஒரு படலம். எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. டிரில்லில் துணிச்சக்கரம் மாட்டிப் பத்து நிமிடம் தேய்த்தேன், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முத்திரையில் 'எல்' பாதிதான் மிஞ்சியது, அலகின் கூரான ஓரங்களெல்லாம் சோப்புக்கட்டி போல உருண்டுவிட்டன. பழைய கத்தி விற்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் வாங்கக்கூட இல்லை. "நல்லா பளபளன்னு இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

கார்பன் எஃகு பழமும் வெங்காயமும் கைவியர்வையும் பட்டுப்பட்டு நிறம் மாறும். அந்தச் சாம்பல் படலம் துரு இல்லை. சொல்லப்போனால் செந்துரு பிடிக்காமல் ஓரளவு காப்பதே அதுதான். சேகரிப்பவர் பழைய கத்தியைக் கையில் எடுத்ததும் தேடுவதும் அதைத்தான். தொழிற்சாலையில் மெருகு போட்டபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அதன் கீழே தெரிந்தால், அலகில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். கையால் தொட்டால் உதிர்கிற செந்துருவை மட்டும் எடுக்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறப்போடுங்கள். பிறகு மூங்கில் குச்சியாலோ பழைய செப்புக்காசின் விளிம்பாலோ மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறாது. மடங்கும் இடத்திலும் ஒரு சொட்டு விட்டு, அலகை ஐம்பது தடவை திறந்து மூடித் துடைத்தால் கறுப்புச் சாறு இறங்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பாதிக்குப் பாதி, அது உள்ளே காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசினாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

சரி, உங்கள் கத்தியின் வயது.

'பேனாக்கத்தி' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயரிலேயே பாதி வரலாறு இருக்கிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு இருந்த சின்ன அலகுதான் இதன் மூலம். 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் எஃகு நிப்புகள் மலிவாக வர ஆரம்பித்ததும் இறகு போயிற்று, கத்தியின் பெயர் தங்கிவிட்டது. உங்கள் தாத்தா அதில் பென்சில் சீவியிருப்பார், நிலவரித் தாள்களை ஓரம் நறுக்கியிருப்பார். இரண்டு முனையிலும் அலகு வரும் வகையைத்தான் இந்தத் தொழிலில் இன்றும் பேனா வகை என்கிறார்கள். எல்லா அலகும் ஒரே முனையிலிருந்து திறந்தால் அது ஜாக் வகை, வேலைக்காரக் கத்தி.

ராட்ஜர்ஸ் ஷெஃபீல்டின் மிகப் பெரிய பெயர். கம்பெனியின் சொந்த அடையாளம் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். அது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்களுடையது. 1822இல் காட்சிக்காக 1,822 அலகுள்ள ஒரு கத்தி செய்து, வருஷத்துக்கு ஓர் அலகு கூட்டிக்கொண்டு போனவர்கள். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்கு 75 அலகுள்ள நார்ஃபோக் கத்தியைக் கொண்டுபோனார்கள். அரச குடும்பத்துக்குக் கத்தி கொடுப்பவர்கள் என்ற உரிமையால் கிரீடமும் ஆட்சியிலிருக்கும் மன்னரின் எழுத்துகளும் அலகில் ஏறின. வி, ஆர் என்றிருந்தால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஜி, ஆர் என்றால்தான் கொஞ்சம் குழப்பம். நான்காம் ஜார்ஜும் இருக்கிறார், ஐந்தாமவரும் ஆறாமவரும் இருக்கிறார்கள்.

இங்கேதான் 'இங்கிலாந்து' என்ற அந்த ஒரு சொல் உதவுகிறது. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மக்கின்லி சுங்கச் சட்டப்படி, இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறித்திருக்க வேண்டும். 1891க்குப் பிறகு ஷெஃபீல்ட் அலகுகளில் நாட்டின் பெயர் பரவலாக வந்தது இதனால்தான். அப்படியானால் உங்களுடையது 1820களில் ஆண்ட நான்காம் ஜார்ஜ் காலத்தது இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ், அதாவது 1910க்கும் 1952க்கும் நடுவில். தாத்தா கர்ணமாக இருந்த காலத்தோடும் இது ஒத்துப்போகும். ஆனால் இந்த விதியைத் திருப்பிப் போடக்கூடாது. நாட்டின் பெயர் இல்லாததாலேயே ஒரு கத்தி 1891க்கு முந்தியது ஆகிவிடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் போடாமலும் விட்டிருக்கலாம். இன்னொரு கடிகாரமும் உண்டு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் கண்டது 1913இல். 'ஸ்டெயின்லெஸ்' என்று அலகில் பொறித்த ஒன்றை யாராவது விக்டோரியா காலத்துக் கத்தி என்று விற்றால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது அந்த வெள்ளைக் கைப்பிடி. இதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சட்டக் கேள்வியும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. எலும்பாக இருக்கலாம், தந்தமாக இருக்கலாம், செல்லுலாய்டாகவும் இருக்கலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பேனா முள்ளால் குத்தியதுபோல் சிறு கறும்புள்ளிகளும் குட்டிக் கோடுகளும் சிதறிக் கிடந்தால் எலும்பு. உயிரோடிருந்தபோது ரத்தம் ஓடிய நுண்குழாய்கள் அவை. ரூல் போட்ட நோட்டுப்போல நேர்க்கோடுகள் ஒரே சீராக ஓடினால் செல்லுலாய்டு, தந்தம் மாதிரி தெரியட்டும் என்று செயற்கையாக வரி போட்டது. தந்தத்தில் கோடுகள் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. கைப்பிடியின் வெட்டுமுனையில், இரண்டு பக்கக் கோடுகள் சாய்ந்து வந்து வலைபோல ஒன்றையொன்று வெட்டினால் அது தந்தம்தான். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும்.

செல்லுலாய்டுக்கு வேறொரு கெட்ட குணமும் உண்டு. வயதானால் அது அமில ஆவியைக் கக்கும். பக்கத்திலிருக்கிற பித்தளைத் தகடு பச்சை பூக்கும், அலகு துருப்பிடிக்கும், அதோடு நில்லாமல் அதே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளையும் கெடுக்கும். ஒரு தட்டு நிறைய நல்ல கத்தி வைத்திருந்த ஒருவர், நடுவே ஒரே ஒரு செல்லுலாய்டுக் கத்தியை வைத்ததால் அதைச் சுற்றியிருந்த ஆறு கத்திகள் துருவேறிப்போனதை எனக்குக் காட்டினார். அழுகின ஒரு பழம் கூடையைக் கெடுப்பது போலத்தான். ஆகவே செல்லுலாய்டைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள்.

இனி, பழையதா, புதிதாகச் செய்ததா என்ற கேள்வி. இரண்டுக்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றிருக்கிறது. இந்தக் கத்தி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அது. இதில் பூட்டு கிடையாது. முதுகுப்பக்கம் ஒரு நீண்ட எஃகு வில், அதாவது ஸ்பிரிங், இருக்கிறது. அலகின் அடிக்கட்டையை அந்த வில் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கட்டையில் தட்டையான முகங்கள் உண்டு. அலகு திறந்து முடியும்போது வில் ஒரு முகத்தில் பட்டென்று உட்காரும், மூடும்போது அலகைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதி வழியில் நிற்பதற்குச் சிலவற்றில் இன்னொரு முகமும் இருக்கும். அந்தச் சத்தத்தையும் நடையையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'நடையும் பேச்சும்' என்பார்கள். நல்ல கத்தி பேசும். கடையில் கையில் எடுத்ததும் மூடித் திறந்து காதால் பாருங்கள்.

பிறகு கண்ணால். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முதுகைப் பாருங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் கசிந்தால் அது கோணலான வேலை. அலகு நடுவில் இறங்குகிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா? திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? கடைசியாக, விரலை முதுகில் ஓட்டுங்கள். திறந்திருக்கும்போது வில்லும் அலகின் முதுகும் ஒரே கோடாக இருக்க வேண்டும், நகத்தில் இடறக்கூடாது. மூடியிருக்கும்போதும், பாதி நிலையிலும் அப்படியே இருந்தால் செய்தவன் கெட்டிக்காரன். மூன்று நிலையிலும் மட்டமாக வருவதற்கு அடிக்கட்டையை அரத்தால் தலைமுடி தலைமுடியாகக் குறைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி என்று மணிக்கணக்கில் உட்கார வேண்டும். தொழிற்சாலைக் கத்தியில் இதை எதிர்பார்க்க முடியாது. சொல்லிச் செய்த கத்திக்கு நீங்கள் கொடுக்கிற விலையில் பெரும்பகுதி இந்த மணிநேரத்துக்குத்தான். வைரம் பதித்ததா, டமாஸ்கஸ் எஃகா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஷெஃபீல்டில் இப்படி உட்கார்ந்தவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள், சின்ன முதலாளி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன அறை, ஒரு பட்டறைப் பலகை, தன் கையே மூலதனம். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கும் செய்வார்கள், தனக்கும் செய்வார்கள். அந்த வரிசையில் கடைசிப் பெரிய பெயர் ஸ்டான் ஷா. பதினாலு வயதில் இபர்சன் கம்பெனியில் சேர்ந்தவர், தொண்ணூறைத் தாண்டியும் கத்தி செய்தார், 2021இல் காலமானார். கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. அங்கே வைத்திருக்கும் பழைய கருவிகளில் நான் ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பது 'பார்சர்' என்ற ஒன்று. கைப்பிடியின் மேல் சின்னக் கேடயம்போல ஒரு வெள்ளைத்தகடு பதித்திருக்குமே, அதற்கான பள்ளத்தைத் தோண்டுகிற துளைக்கருவி. இரண்டு கால் உள்ளது. நெஞ்சில் ஒரு தகட்டைக் கட்டி, கருவியின் பின்முனையை அதில் முட்டுக்கொடுத்து, நாண் கட்டிய ஒரு வில்லால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். நம் ஊர் ஆசாரி கயிறு சுற்றிய துரப்பணத்தை இழுப்பது நினைவிருந்தால் உடனே புரியும். கைப்பிடிமேல் வைத்த அச்சுத்தகட்டின் வடிவத்துக்குள்ளேயே அந்தக் கால்கள் விரிந்து சுற்றுவதால் பள்ளம் கேடயத்தின் அளவுக்கு அப்படியே வரும்.

பழையவற்றுக்கு வருவோம். என் அபிப்பிராயம் நேரானது: 'பழைய கத்தி' சேகரிக்காதீர்கள், ஏதாவது ஒன்றைச் சேகரியுங்கள். ஒரு வடிவம், அல்லது ஓர் ஊர், அல்லது ஒரு முத்திரை. நான் லாம்ப்ஃபுட் என்ற ஷெஃபீல்ட் அலகை மட்டும் தேடுகிறேன். ஆட்டுக்குட்டியின் பாதம் மாதிரி முனை சரிந்து, கூர் நேர்க்கோடாக இருக்கும். முப்பது லாம்ப்ஃபுட் பார்த்தவனுக்கு முப்பத்தோராவது தப்பாக இருந்தால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கை சொல்லிவிடும். கண்டதையும் வாங்கியவனுக்கு அந்தக் கை வராது.

போலிகள் நிறைய. ஷெஃபீல்ட் பெயர்களைத் திருடுவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிற தொழில். ராட்ஜர்ஸ் பெயரில் நடுவிலுள்ள 'டி' எழுத்தை விட்டுவிட்டு வந்த கத்திகளும் உண்டு, ஆகவே நட்சத்திரமும் சிலுவையும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் காலத்துப் போலி வேறு மாதிரி. முத்திரை இல்லாத பழைய கத்தியை எடுத்துப் பெரிய பெயரைப் புதிதாக அடித்துவிடுவார்கள். இணைய ஏலத்தில் ஒருவரிடம் நான் அப்படி ஒன்று வாங்கிப் பணத்தை விட்டிருக்கிறேன். லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பழைய துரு அலகில் குட்டிக்குட்டிக் குழி போடும். உண்மையான முத்திரை முதலில் விழுந்தது, துரு பிறகு வந்தது, ஆகவே குழிகள் எழுத்துக்குள்ளும் புகுந்து எழுத்தின் ஓரத்தைத் தின்றிருக்கும். என் கத்தியில் எழுத்து குழிகளின்மேல் ஏறி, அவற்றை நசுக்கிக்கொண்டு போயிருந்தது. துருவுக்குப் பிறகு அடித்த எழுத்து. அலகைப் பாதி திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் பித்தளைத் தகடு ஒரு பக்கம் பழுப்பும் மறுபக்கம் புதுமஞ்சளுமாக இருந்தது. இரண்டு மூன்று கத்திகளின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த ஒட்டு அது.

அலகு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, மூடிய நிலையில் பார்ப்பது. சாணை பிடித்துப்பிடித்து மெலிந்த அலகு கைப்பிடிக்குள் ஆழமாக இறங்கிக் காணாமல் போகும். நகம் வைக்கும் பள்ளம் விளிம்புக்கு உள்ளே போய்விட்டால் அதை விட்டுவிடுங்கள்.

தொடங்குபவருக்கு ஷெஃபீல்டைவிட அமெரிக்கக் கத்தி எளிது என்பேன், காரணம் கேஸ் கம்பெனி. பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்ட் என்ற ஊரில் செய்கிறார்கள். அடிக்கட்டை முத்திரையைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம். 'கேஸ் டெஸ்டட்' என்றிருந்தால் 1920 முதல் 1940 வரை. 'கேஸ்' என்ற பெயரும் இரண்டு எக்ஸ் எழுத்தும் மட்டும் இருந்தால் 1940 முதல் 1965 வரை. அதோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தால் 1969 வரை. 1970இல் ஓர் அருமையான யோசனை செய்தார்கள்: முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி, வருஷத்துக்கு ஒன்று குறையும். ஏழு புள்ளி இருந்தால் 1973. 1980இல் எஸ் எழுத்தை மின்னல் மாதிரி ஆக்கி மறுபடி பத்துப் புள்ளியில் தொடங்கினார்கள். வடிவ எண்ணும் பேசும். 6254 என்றால் 6 என்பது கொத்துவேலை செய்த எலும்புக் கைப்பிடி, 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை, 54 என்பது டிராப்பர் வடிவம். அதே கத்தி 5254 என்றிருந்தால் கைப்பிடி மான்கொம்பு. ஆகவே 5254 என்று அடித்த அலகின் மேல் எலும்புக் கைப்பிடி இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். விற்பவர் வாய் திறப்பதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

சொல்லிச் செய்து வாங்குவது வேறு உலகம். அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த டோனி போஸ் பழைய வடிவங்களை எடுத்து நவீன எஃகில், மேலே சொன்ன மூன்று நிலை மட்டத்தோடு செய்து காட்டி, இந்தக் கலையின் அளவுகோலையே உயர்த்தியவர். கேஸ் கம்பெனி பல வருஷம் அவருடைய வடிவமைப்பில் கத்தி வெளியிட்டது. அவர் கையால் செய்தவை இன்று ஆயிரக்கணக்கான டாலர். நீங்கள் அங்கே தொடங்க வேண்டியதில்லை. ஆனால் அதிகம் பெயரில்லாத கைவினைஞரிடம் செய்யச் சொன்னாலும் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரிடம் நான் போவதில்லை. ஏற்கனவே செய்த கத்தியின் முதுகை மூன்று நிலையிலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பிடி மரத்தை மட்டும் அழகாகப் படம் பிடித்து அனுப்பி, முதுகைக் காட்டத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, எல்லாவற்றையும் நீங்களே சொல்லாதீர்கள். வடிவத்தையும் எஃகையும் சொல்லிவிட்டு மற்றதை அவர் கையில் விடுங்கள். என்னிடம் இருக்கிற ஒரே செய்வித்த கத்தியில் நான் அடம்பிடித்துக் கேட்ட மின்னுகிற பச்சைக் கைப்பிடி இருக்கிறது. அது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். பழைய முறையில் இன்றும் செய்கிற பட்டறைகள். பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, 1095 என்ற வகைக் கார்பன் எஃகில் பழைய வடிவங்களைச் சின்னச் சின்னத் தொகுதிகளாகச் செய்கிறது. ஷெஃபீல்டில் ஏ. ரைட் அண்ட் சன் இன்றும் லாம்ப்ஃபுட் செய்கிறது. விலை குறைவு, மெருகு சுமார், வில் கெட்டி. ஜப்பானின் மிகி ஊரிலிருந்து வரும் ஹிகோனோகாமியில் வில்லே கிடையாது. மடித்த பித்தளைத் தகட்டின் இறுக்கமும், கட்டைவிரலால் அழுத்தும் ஒரு வாலும்தான் எல்லாம். பிரான்சின் ஓபினெல் 1890இலிருந்து வருகிறது, மரப்பிடி, 1955இலிருந்து திருகிப் பூட்டும் வளையம். அப்புறம் சுவிஸ் ராணுவத்தின் 1961 மாதிரி சிப்பாய்க் கத்தி. அலகின் அடியில் செய்த வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். பிறந்த வருஷத்துக் கத்தியைத் தேடிப் பிடிப்பதே தனி விளையாட்டு. இந்த விலை குறைந்தவற்றில் இரண்டு வாங்கி, ஆறு மாதம் பையில் வைத்து மாம்பழம் நறுக்குங்கள். எது நல்ல வில், எது சோம்பேறி வில் என்று விரல் படித்த பிறகு பழையதைத் தேடிப் போனால் ஏமாறுவது குறையும்.

சட்டம். இந்தியாவில் ஆயுத விதிகள் கத்தியை எடுத்துக்கொள்வது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டால் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்றால். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதிலும் சேராது. பேனாக்கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தி வேறு விஷயம், அதன் பக்கம் போகாதீர்கள். பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்திருக்கலாம். பாயும் கத்தியைச் செய்வதும் விற்பதும் 1959 முதலே தடை. விமானத்தில் எதுவானாலும் சரக்குப் பெட்டியில்தான்.

உண்மையான சிக்கல் அலகில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக ஷெஃபீல்டும் ஜெர்மனியின் கத்தி ஊரான சோலிங்கனும் அமெரிக்காவும் உயர்ந்த கத்திக்குத் தேடியது இந்திய மான்கொம்பைத்தான். மான் என்றால் மிளா, சில பக்கம் கடமான் என்பீர்கள். அதன் கொம்பில் நடுவே பஞ்சுபோன்ற பகுதி குறைவு, வெளிப்புறம் மரப்பட்டை மாதிரி ஆழமான வரிகளோடு இறுகியிருக்கும், தேய்த்தால் மெருகேறும். மிளா ஒவ்வோர் ஆண்டும் கொம்பை உதிர்க்கும், அதைப் பொறுக்கி மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்தார்கள். 1990களின் இறுதியில் இந்தியா அதை நிறுத்தியது. அதன்பிறகுதான் பழைய மான்கொம்புக் கத்திகளின் விலை மளமளவென்று ஏறியது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே காட்டில் மிளா உதிர்த்த கொம்பைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே கொம்பைப் பிற்பாடு யார்க்‌ஷயரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை ஆணியோடு பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு மான்கொம்போ தந்தமோ உள்ள கத்தியை வாங்காதீர்கள், வரவழைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'பழசு' என்ற சமாதானத்தை ஏற்காது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்த வியாபாரத்துக்குத் தடை. 1947க்கு முந்தியதாக, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்கிற பொருள் போன்ற சில விலக்குகள் மட்டும், அதுவும் பதிவு செய்து. தந்தக் கைப்பிடிப் பேனாக்கத்திக்கு அந்தப் பத்து சதவீதக் கணக்கு பெரும்பாலும் உதவாது. கைப்பிடியே தந்தம் அல்லவா.

சென்னைக் காற்றுக்கு ஒரு வார்த்தை. தோல் உறையில் வைத்துப் பத்திரப்படுத்தாதீர்கள், தோல் பதனிட்ட ரசாயனம் பித்தளையைப் பச்சையாக்கும், அலகைத் தின்னும். எண்ணெயை மெல்லிசாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கடைசியாக, ஒடிந்த நுனியைச் சாணைக்காரரிடம் கொடுத்துப் புது முனை எடுக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முனை எடுக்க அலகின் நீளத்தில் கால்வாசி போகும், கல்லின் சூட்டில் எஃகின் பதமும் இறங்கிவிடும். விற்கப்போனால் உடைந்த அலகோடு அதற்கு இங்கே பத்துப் பதினைந்து பவுண்டுக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். கைப்பிடியை மட்டும் லென்ஸில் பார்த்துவிட்டு, புள்ளியா, நேர்க்கோடா, வலையா என்று எழுதுங்கள். வலை என்றால் யாருக்கும் விற்கவோ தபாலில் அனுப்பவோ வேண்டாம், வைத்திருப்பது பற்றி ஒரு வழக்கறிஞரிடமோ வனத்துறையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். புள்ளி என்றால் பெரிய அலகில் மாம்பழம் நறுக்கலாம்.